மேடைக் கச்சேரியும் இசைத்தட்டும்

“தட்டில் கேட்பதும் சங்கீதமா? மேடைமுன் அமர்ந்து, பாடுவோர் முகம் பார்த்து, தொடையில் தாளமிட்டுக் கேட்பதன்றோ கேள்வி!” என்று கூறுவோர் எக்காலத்தும் உளர். கிராமபோன் பெட்டி வந்த நாளில் இவ்வாறு கூறினர். வானொலி வந்தபொழுதும் கூறினர். ஒலிநாடா வந்தபொழுதும் கூறினர். கைப்பேசியைத் தொட்ட மாத்திரத்தில் எந்த வித்துவானும் பாடும் இந்நாளிலும் கூறிக்கொண்டே இருக்கின்றனர்.

இக்கூற்றில் உண்மை இல்லாமற் போகவில்லை. அவ்வுண்மையை நாமும் இக்கட்டுரையின் பிற்பகுதியில் எடுத்துரைப்போம். ஆயினும் அதற்கு முன்னர் ஒரு வினாவை எழுப்பாமல் மேற்செல்ல நமக்கு மனம் வரவில்லை. மேடைமுன் அமரும் பேறு யாருக்கு இருந்தது? தாளமிடும் தொடை யாருடைய தொடை? தட்டின் பெருமை சிறுமைகளை ஆராய்வோர் இவ்வினாவுக்கு முதற்கண் விடை கூறிவிட்டு, அதன்பின் மற்றவற்றைக் கூறுவதே முறையாகும்.

இசை வாழ்ந்த இடங்கள்

கிராமபோன் தோன்றுவதற்கு முன்னர்த் தமிழ்நாட்டில் உயர்ந்த சங்கீதம் என்று போற்றப்பட்டது நான்கு இடங்களில் வாழ்ந்தது. கோயில் ஒன்று, அரண்மனை ஒன்று, செல்வர் வீட்டுக் கலியாணப் பந்தல் ஒன்று, நகரத்துச் சபை ஒன்று. தஞ்சை மராட்டிய அரசு 1855இல் முடிவுற்றதும் அரண்மனையின் ஆதரவு குன்றிற்று. வித்துவான்கள் மைசூர், திருவாங்கூர், புதுக்கோட்டை முதலிய சமஸ்தானங்களை நாடினர். பின்னர்ச் சென்னைப் பட்டணத்தை நாடினர். அங்கே உத்தியோகஸ்தரும் வக்கீல்களும் வணிகரும் கூடிச் சபைகளை அமைத்தனர். திருவல்லிக்கேணிப் பார்த்தசாரதி சுவாமி சபை 1900இல் ஏற்பட்டது. 1927இல் சென்னையில் கூடிய காங்கிரஸ் மகாசபையை ஒட்டி நடந்த சங்கீத மாநாட்டின் பயனாக 1928இல் சங்கீத வித்வத் சபை தோன்றிற்று.

கோயிலில் நாகசுரமும் தேவாரமும் நாள் தவறாது ஒலித்தன என்பது மெய். ஆனால் அவ்வொலி ஊரார் அனைவர்க்கும் உரியதாக இருந்ததா? கோயிலுக்குள் நுழைதல் கிடக்கட்டும். கோயிலைச் சூழ்ந்த தெருவில் நடப்பதற்கே சிலருக்கு உரிமை இல்லை. வைக்கத்தில் அவ்வுரிமை வேண்டி 1924இல் பெரும் போர் நடந்ததையும், ஈ. வெ. ராமசாமி அவர்கள் அங்கே சென்று சிறை புகுந்ததையும் நேயர்கள் அறிவர். திருவாங்கூரில் ஆலயப் பிரவேசப் பிரகடனம் 1936இல் வந்தது. மதுரை மீனாட்சி கோயிலின் கதவு 1939 ஜூலையில் தாழ்த்தப்பட்டோர்க்குத் திறந்தது. சென்னை மாகாணம் முழுமைக்குமான கோயில் நுழைவுச் சட்டம் 1947இல்தான் நிறைவேறிற்று. அதற்கு முன்னெல்லாம் நடந்த அர்த்தசாமக் கச்சேரிகளையும், உற்சவக் கச்சேரிகளையும் மதிலுக்கு வெளியே நின்று, காற்று கொண்டுவந்த அளவுக்குக் கேட்டவர் எத்தனை பேர் என்பதை எந்தக் கோயில் கணக்கும் நமக்குக் கூறாது.

சபையின் வாயிலில் சாதி குறித்த பலகை எதுவும் தொங்கவில்லை. தொங்கவேண்டிய அவசியமும் இல்லை. டிக்கட்டு விலை ஒரு காவல். சபை இருந்த தெரு மற்றொரு காவல். உள்ளே பாடப்பட்ட மொழி மூன்றாவது காவல். இம்மூன்று காவலையும் கடந்து உள்ளே செல்லும் கூலிக்காரனைக் காண்பது அரிது.

மலாயாவின் பால்மரக் காடுகளுக்குக் கப்பலேறியோருள் மிகப் பலர் இக்காவல்களுக்கு வெளியே நின்ற வகுப்பினர். அவர்கள் இசையற்ற மக்கள் என்று எண்ணுதல் பெரும்பிழை. உறுமியும், பறையும், தெம்மாங்கும், தாலாட்டும், ஒப்பாரியும், தெருக்கூத்தும் அவர்களோடு கடல் கடந்து வந்தன. அவை எதற்கும் தாழ்ந்தவை அல்ல. ஆனால் ‘உயர்ந்தது’ என்று முத்திரையிட்டு ஒரு சாரார் தமக்கென வைத்துக்கொண்ட இசையைக் கேட்டுப் பார்த்து, அது நல்லதா அன்றா என்று தாமே தீர்மானிக்கும் உரிமை அவர்களுக்கு மறுக்கப்பட்டிருந்தது. அவ்வுரிமையை அளித்தது எந்த மகானும் அன்று. சுழன்று பாடும் ஓர் அரக்குத் தட்டு!

அரக்குத் தட்டு

அமெரிக்காவில் எடிசன் 1877இல் ஒலியைப் பதிக்கும் பொறியைக் கண்டார். அது உருளை வடிவில் பதிவது. ஜெர்மனியிற் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த எமில் பெர்லினர் 1887இல் தட்டையான வட்டில் பதியும் முறையை வகுத்தார். உருளையினும் தட்டே அச்சிட்டாற்போல் ஆயிரக்கணக்கில் எடுப்பதற்கு எளிது. ஆகவே தட்டு வென்றது.

1902ஆம் ஆண்டு இறுதியில், இங்கிலாந்தின் கிராமபோன் கம்பெனியார் அனுப்பிய பிரெட் கைஸ்பெர்க் என்பவர் கல்கத்தாவுக்கு வந்து சேர்ந்தார். நவம்பர் மாதத்தில் அவர் பதிந்த குரல்களுள் புகழ்பெற்றது கௌஹர் ஜான் என்னும் பெண்மணியின் குரலாகும். பாட்டு முடிந்ததும் தம் பெயரைத் தாமே ஆங்கிலத்தில் உரக்கக் கூறி முடிப்பது அவர் வழக்கம். இது தற்பெருமை அன்று. பதிவு செய்யப்பட்ட மூலம் ஜெர்மனியில் ஹானோவர் நகருக்குச் சென்று அங்கேதான் தட்டாக வார்க்கப்பட்டது. நம் மொழிகளை அறியாத தொழிலாளர், எப்பாட்டு எவருடையது என்பதைத் தெரிந்து பெயர் ஒட்டவேண்டுமன்றோ? அதற்காகவே அவ்வறிவிப்பு. அதே பயணத்தில் 1903இல் கைஸ்பெர்க் நமது சிங்கப்பூருக்கும் வந்து இவ்வட்டாரத்துப் பாடல்களைப் பதிந்தார் என்பது நம்மவர் பலர் அறியாத செய்தி.

தட்டுக்கு வேண்டிய அரக்கோ இந்தியக் காடுகளில் விளைவது. அங்கிருந்து அரக்கு ஐரோப்பாவுக்குக் கப்பலேறும். அங்கே தட்டாகி, இந்தியப் பாட்டைச் சுமந்துகொண்டு மீண்டும் இந்தியாவுக்கே விலைக்கு வரும். பருத்தி சென்று துணியாகத் திரும்பிய கதையும் இதுவும் ஒன்றே. 1908இல் கல்கத்தாவில் தட்டு வார்க்கும் தொழிற்சாலை ஏற்பட்ட பின்னரே இந்த அலைச்சல் குறைந்தது.

அக்காலத்தில் மைக்கு இல்லை. பாடுவோர் ஒரு பெரிய ஊதுகுழலின் வாய்க்குள் முகத்தை நீட்டிப் பாடவேண்டும். குரலின் வேகமே ஊசியை அசைத்து மெழுகில் கோடு கீறும். மெல்லிய குரல் பதியாது. உரத்து, உச்சத்தில் பாடும் குரலே நன்கு பதியும். பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய மூன்று நிமிடம். பன்னிரண்டு அங்குலத் தட்டாயின் நான்கு நிமிடத்திற்குச் சற்று மேல். அவ்வளவே.

முதலில் முன்வந்தோர்

இப்பொறியின் முன் பாடுவதற்குப் பெரிய வித்துவான்களிற் பலர் முதலில் இசையவில்லை. குரல் கெடும் என்று சிலர் அஞ்சினர். மூன்று நிமிடத்தில் என்ன பாடுவது என்று சிலர் எள்ளினர். தம் பாட்டு கோப்பிக்கடையிலும், முடிதிருத்தும் நிலையத்திலும், கண்ட கண்ட இடங்களிலும் ஒலிக்குமே என்ற கூச்சமும் இருந்தது. நேயர்கள் இங்கே சற்று நிற்கவேண்டும். எதனை அவர்கள் இழுக்கு என்று கருதினரோ, அதுவே தட்டின் சிறப்பு. கண்ட கண்ட இடமென்பது நாமிருக்கும் இடமே அன்றோ?

ஆண்கள் தயங்கி நின்றபொழுது பெண்கள் முன்வந்தனர். சேலம் கோதாவரி, பெங்களூர் நாகரத்தினம்மாள், கோயம்புத்தூர்த் தாயி முதலியோர் தென்னாட்டில் தட்டுக்குப் பாடிய முதல் தலைமுறையினர். இவர்கள் தேவதாசிக் குலத்திற் பிறந்தவர்கள். அக்குலத்துப் பெண்களுக்குப் பாட்டும் பரதமும் பரம்பரைச் சொத்து. ஆனால் மதிப்பு மட்டும் கிடையாது. ஊரார் அவர்களுடைய பாட்டைக் கேட்பர்; அவர்களுக்குச் சமமாக ஓர் ஆசனம் அளிக்கமாட்டார். தட்டு அவர்களுக்கு ஊதியம் அளித்தது. தட்டின் நடுவில் ஒட்டிய வட்டக் காகிதத்தில் பெயரையும் அச்சிட்டது.

நாகரத்தினம்மாளின் வரலாறு இவ்விடத்தில் கூறத்தக்கது. திருவையாற்றில் தியாகராஜரின் சமாதி கேட்பாரற்றுக் கிடந்தபொழுது, தம் பொருளைச் செலவிட்டு அங்கே கோயில் எழுப்பியவர் அவரே. ஆயினும் அங்கு நடந்த ஆராதனையில் பெண்கள் பாடுவதற்கு இடமில்லை என்றனர். அவர் 1927இல் பெண்களைத் திரட்டித் தனியே ஆராதனை நடத்தினார். 1940ஆம் ஆண்டளவிலேதான் கட்சிகள் ஒன்றாகி, பெண்களும் பாடும் நிலை ஏற்பட்டது. கட்டிய கோயிலில் பாடத் தடை. கடையில் வாங்கும் தட்டில் தடையில்லை! ஊர் வழக்கம் அடைத்த வாயை வியாபாரப் பொறி ஒன்று திறந்துவிட்டது என்பது வியப்பே. கம்பெனியார் சீர்திருத்தக்காரர் அல்லர், இலாபம் நாடியவர். எனினும் இலாபம் நாடுவோனுக்குச் சாதியினும் குரலே முக்கியமாயிற்று.

கோயம்புத்தூர்த் தாயியின் தட்டு இன்னும் தொலைதூரம் சென்றது. பிரான்சு தேசத்து இசைப்புலவர் மொரீஸ் தெலாழ் என்பார் 1912ஆம் ஆண்டளவில் தென்னிந்தியாவுக்கு வந்து அவருடைய பாட்டில் ஈடுபட்டார். வடலூர் இராமலிங்க அடிகளின் அருட்பெருஞ்ஜோதிப் பாடலைத் தாயி பாடிய தட்டு ஒன்றை அடிப்படையாகக் கொண்டே, ‘ராகமாலிகை’ என்னும் பெயரில் பியானோவுக்கு ஓர் உருப்படி இயற்றினார். மத்தளத்தின் ஒலியை வருவிக்கப் பியானோவின் தந்தியில் அட்டைத்துண்டைச் செருகும் உபாயமும் அதில் உண்டு. சாதியும் சமயமும் பொய்யெனச் சாடிய வள்ளலாரின் தமிழ்ப் பாட்டு, மேடையில் தெலுங்கே கோலோச்சிய காலத்தில், ஒரு தாசிக் குலத்துப் பெண்ணின் குரலில் தட்டேறிப் பாரிசு நகரத்தை அடைந்தது. தமிழில் உயர்ந்த இசை உண்டா என்று ஐயுற்றோர்க்கு இதனினும் தக்க விடை வேண்டுமோ?

மூன்று நிமிடத்தில் இழந்தவை

இனி, மறுபக்கத்தையும் நடுவுநிலையோடு நோக்குவோம்.

கச்சேரி என்பது பாட்டுக்களின் கூட்டம் மட்டுமன்று. வர்ணத்தில் தொடங்கிக் குரல் சூடேறும். ஓர் இராகத்தை வித்துவான் சிறிது சிறிதாக விரிப்பார். வயலின் அதனைப் பின்தொடரும். ஓரடியைப் பலவாறு திருப்பிப் பாடும் நிரவலும், சுரக்கோவையும் வரும். இறுதியில் மிருதங்கத்திற்குத் தனியே இடம் விடுவர். இவற்றுள் பெரும்பகுதி முன்னரே எழுதி வைக்கப்பட்டதன்று. அவ்விடத்தில் அந்நேரத்தில் பிறப்பது. கேட்போர் தலையசைத்தால் வளரும். கேட்போர் கொட்டாவி விட்டால் சுருங்கும். மூன்று நிமிடத் தட்டுக்குள் இதனை அடக்கும்பொழுது இராகம் சில விநாடிகளாகிறது, நிரவல் மறைகிறது, தனி ஆவர்த்தனம் அடியோடு போகிறது. எஞ்சுவது பாட்டின் உருவம்.

திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடி இராகத்தை அறியாதார் இலர். கோயில் உற்சவத்தில் விடிய விடிய அதனை அவர் வாசித்ததைக் கேட்டவர்கள், தட்டின் இரு பக்கங்களுக்குள் அடங்கிய தோடியைக் கடலினின்றும் முகந்த ஒரு குடம் என்பர். அது சரியே. ஆனால் கடற்கரைக்குச் செல்ல வழியில்லாதவனுக்கு அக்குடமும் கடல்நீரே அன்றோ? உப்பின் சுவையை அவன் அக்குடத்தில்தான் அறிந்தான்.

வீணை தனம்மாளின் கதை வேறு. அவர் சென்னை ஜார்ஜ் டவுனில் தம் இல்லத்தில் வெள்ளிக்கிழமை மாலைதோறும் வாசிப்பார். வந்தோர் மூச்சடக்கிக் கேட்பர். அவ்வளவு மெல்லிய நாதம். ஊதுகுழல் யுகத்தில் அவ்வீணை தட்டேற இயலாது. 1925இல் மின்சாரத்தால் பதியும் முறையும் மைக்கும் வந்த பிறகே மெல்லிய ஒலிக்கு வாழ்வு கிடைத்தது. 1932இல், தம் அறுபத்தைந்தாம் வயதளவில், தனம்மாள் பதிந்த தட்டுக்கள் இன்றும் இருக்கின்றன. அவர் 1938இல் மறைந்தார். அந்த வீட்டுக் கூடத்தில் அமர்ந்தோரும் அனைவரும் மறைந்தனர். தட்டு இல்லையேல் தனம்மாள் என்பது இன்று வெறும் பெயர்.

தட்டு செய்த மற்றொரு தொண்டும் உண்டு. குருகுலத்தில் யாரைச் சேர்ப்பது, யாரைத் தள்ளுவது என்பது குருவின் விருப்பம். குலமும் அதில் கணக்கு. தட்டோ எத்தனை முறை வேண்டினும் சலிக்காமல் பாடிக் காட்டும். ஏகலைவனுக்கு வாய்த்த துரோணர் கட்டைவிரலைக் கேட்டார். இத்துரோணர் கேட்பது ஓர் எஃகு ஊசி மட்டுமே!

கடல் கடந்த பாட்டு

சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் பினாங்குக்கு வந்த கப்பல்களில் ஆட்களோடும், அரிசியோடும், தட்டுக்களும் வந்தன. தோட்டத்துத் தொழிலாளிக்குப் பெட்டி வாங்கும் வசதி ஏது? கிராணியார் வீட்டிலோ, பெரிய கங்காணி வீட்டிலோ, கடைக்காரரிடமோ ஒரு பெட்டி இருந்தால், அந்தத் தோட்டமே அதற்குச் சொந்தம். பால் எடுத்து, வாளி கழுவி, மாலை வந்தால் வாசற்புறத்தில் கூடுவர். பெட்டிக்குச் சாவி கொடுப்பதும் ஒரு பெருமை. ஒரு தட்டையே நூறு முறை கேட்பர். தேய்ந்த தட்டு ஓரிடத்தில் தடுக்கி, ஒரே சொல்லைத் திருப்பித் திருப்பிக் கூறும். அதையும் சேர்த்துப் பாடக் கற்றுக்கொள்வர்.

அங்கே முன்வரிசை பின்வரிசை கிடையாது. அடுத்தவன் என்ன சாதி என்று கேட்டு எழுந்து போகவேண்டிய அவசியத்தைப் பெட்டி உண்டாக்கவில்லை. பாடுவோர்க்குக் கேட்போர் முகம் தெரியாது என்பதைத் தட்டின் குறை என்பர். நம்மவர்க்கு அது குறையன்று, ஒரு விடுதலை.

அவர்கள் விரும்பிக் கேட்டவை எவை? நாடக மேடையிலிருந்து தட்டேறிய பாட்டுக்களே முதலிடம் பெற்றன. எஸ். ஜி. கிட்டப்பாவும் கே. பி. சுந்தராம்பாளும் பாடியவை வீடுதோறும் ஒலித்தன. இவர்கள் பாட்டு மலிவான கூச்சல் அன்று. இராகமும் பிருகாவும் சுருதி சுத்தமும் மிக்க சங்கீதமே. கிட்டப்பா 1933 டிசம்பரில், இருபத்தேழே வயதில் இறந்தார். இறந்தவருடைய குரல் அதன் பின்னரும் கடல் கடந்து வந்து பாடியது. மேடையை மட்டும் நம்பியிருந்தால் அக்குரல் அவரோடு எரிந்திருக்கும்.

நந்தனார் பாட்டுக்களுக்கும் பெருமதிப்பு இருந்தது. கோபாலகிருஷ்ண பாரதியார் சென்ற நூற்றாண்டுக்கும் முந்திய நூற்றாண்டில் இயற்றியவை அவை. 1935இல் சுந்தராம்பாள் ஆண் வேடம் பூண்டு நந்தனாராக நடித்தார். 1942இல் தண்டபாணி தேசிகர் நடித்தார். கோயிலுக்குள் நுழைய முடியாத ஒருவனுடைய ஏக்கத்தை, கோயிலுக்குள் நுழைய முடியாத குடியிற் பிறந்தோர் தோட்டத்து லயத்தில் இருந்து கேட்டனர். கதையின் முடிவில் நந்தன் தீயிற் குளித்தே உள்ளே செல்லவேண்டும் என்பதை நாம் ஒப்பவில்லை. தீக்குளிக்கவேண்டியவன் கதவை அடைத்தவனே. ஆயினும் அப்பாட்டுக்கள் ஒரு கேள்வியை ஒவ்வொரு நெஞ்சிலும் விதைத்துச் சென்றன என்பதை மறுப்பதற்கில்லை.

மொழி பற்றிய தீர்ப்பு

இங்ஙனம் தட்டு உலகில் தமிழ் ஓங்கியிருக்க, மேடையில் நிலைமை வேறாக இருந்தது. தெலுங்கும் வடமொழியும் கச்சேரியின் நடுப்பகுதியை ஆண்டன. தமிழுக்குக் கிடைத்தது முடிவில் சில துக்கடா. தியாகராஜருக்கு முன்னரே முத்துத்தாண்டவரும், அருணாசலக் கவிராயரும், மாரிமுத்தாப் பிள்ளையும் தமிழில் பாடியிருந்தனர் என்பதும், தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 1917இல் ‘கருணாமிர்த சாகரம்’ என்னும் பெருநூலை வெளியிட்டுத் தமிழிசையின் பழமையை நிறுவினார் என்பதும் மேடைக்கு எட்டவில்லை.

1941இல் அண்ணாமலைநகரில் ராஜா அண்ணாமலைச் செட்டியாரின் ஆதரவில் தமிழிசை மாநாடு கூடிற்று. 1943இல் சென்னையில் தமிழிசைச் சங்கம் ஏற்பட்டது. பழைய சபைக்காரர் சிலர், தமிழை முன்வைத்தால் சங்கீதத்தின் தரம் குன்றும் என்று வாதாடினர். அவர்களுக்கு விடையளிக்கப் புலவர்கள் பல நூல்களைப் புரட்டினர். ஆனால் விடை முன்னரே கடைகளில் விற்றுக்கொண்டிருந்தது. தெரிந்த மொழியில் உயர்ந்த இசையைத் தந்தால் கேட்பதற்குக் கோடி செவிகள் உண்டு என்பதைத் தட்டு வாங்கிய மக்கள் தம் காசால் வாக்களித்துக் காட்டியிருந்தனர். பிறமொழிப் பாட்டை நாம் பகைக்கவில்லை. கேட்போனுடைய மொழிக்குக் கடைசிப் பந்தியில் இலை போடுவதையே எதிர்க்கிறோம்.

வானொலியும் இவ்வழியே வந்தது. சென்னை நிலையம் 1938இலும், திருச்சி நிலையம் 1939இலும் ஒலிக்கத் தொடங்கின. போர் முடிந்து 1946இல் மலாயா வானொலி ஏற்பட்டபொழுது தமிழுக்கும் அதில் இடம் கிடைத்தது. தட்டும் வானொலியும் சேர்ந்து, சபைக்கு வெளியே சபையினும் பெரியதொரு சபையை உருவாக்கின.

மேடை மெல்லத் திறந்தது

எம். எஸ். சுப்புலட்சுமி தம் பத்தாம் வயதில், 1926இல், முதல் தட்டுக்குப் பாடினார். டி. கே. பட்டம்மாளும் இளம்வயதிலேயே தட்டேறினார். பிராமணக் குடும்பத்துப் பெண் பலர் முன் பாடுவது அக்காலத்தில் பெரும் புதுமை. இவர்களுடைய குரலை ஜனங்கள் ஏற்றுக்கொண்ட பின்னரும், சென்னைச் சங்கீத வித்வத் சபை தன் மிகவுயர்ந்த சங்கீத கலாநிதி விருதை ஒரு பெண்ணுக்கு அளித்தது 1968இல்தான். அளிக்கப்பட்டவர் சுப்புலட்சுமி. முதல் தட்டுக்கும் அவ்விருதுக்கும் இடையே 42 ஆண்டுகள்! சந்தை ஒரு நாளில் கொடுத்த மதிப்பைச் சபை கொடுக்க இரண்டு தலைமுறை சென்றது.

இவ்வரலாற்றில் சீர்திருத்தக்காரராகிய நாமும் நேர்மையோடு ஒன்றை ஒப்புக்கொள்ளவேண்டும். பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டும் கொடுமையை ஒழிக்க டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியாரும், மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரும் பாடுபட்டனர். 1947இல் சட்டம் வந்தது. அச்சட்டம் வேண்டியதே, அதில் நமக்கு ஐயமில்லை. நாகரத்தினம்மாள் அம்முயற்சியை எதிர்த்தவர். அதில் நாம் அவரோடு உடன்படோம். ஆயினும் கொடுமை ஒழிந்தபொழுது, அப்பெண்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்த கலை, அவர்களுக்கு உரிய நன்றி கூறப்படாமலே பிறர் கைக்கு மாறிற்று. கலையைத் தூய்மைப்படுத்தினோம் என்றும் சிலர் கூறிக்கொண்டனர். கலையிலே அழுக்கு இல்லை. அதனை விலைபேசிய சமூகத்திலேதான் அழுக்கு இருந்தது. யார் பாடினர், எவ்வளவு உயர்வாகப் பாடினர் என்பதற்குச் சாட்சியாக இன்று நிற்பவை அந்தப் பழைய தட்டுக்களே.

நம் கடமை

இப்பொழுது முதலிற் கூறிய உண்மைக்கு வருவோம். தட்டு போய் நீள்தட்டு வந்தது, ஒலிநாடா வந்தது, குறுந்தட்டு வந்தது, இன்று எல்லாம் கைப்பேசிக்குள் அடங்கிவிட்டன. மூன்று நிமிடத் தளையும் அறுந்தது. மூன்று மணி நேரக் கச்சேரியையும் முழுதாகக் கேட்கலாம். அப்படியாயின் மேடை எதற்கு?

2020ஆம் ஆண்டு மார்கழியில் கொள்ளைநோய் காரணமாகச் சென்னையில் சபைகளின் கதவு அடைபட்டது. வித்துவான்கள் ஆளில்லாத மண்டபங்களில் பாடினர். உலகெங்கும் இணையவழிக் கேட்டனர். பாட்டில் குறையில்லை, பதிவிலும் குறையில்லை. ஆனால் ஒரு சங்கதி அழகாக விழுந்தபொழுது ஆகா என்பார் இல்லை. இராகம் வளர்வதற்கு முன்னே ஒரு முகமும் இல்லை. பாடுவோனைக் கேட்போனும் பாடுவிக்கிறான் என்பதை அன்று யாவரும் கண்டனர். பதிவு, பிறந்த இசையைக் காக்கும். இசை பிறப்பதற்கோ ஆள் முன்னே இருந்தாக வேண்டும்.

ஆகவே தட்டா மேடையா என்று சண்டையிடுவது வீண். தட்டு நமக்குக் கேட்கும் உரிமையைத் தந்தது. அவ்வுரிமையைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டிலேயே உட்கார்ந்துவிடுவோமாயின், மேடை மீண்டும் பழைய சிலருக்கே உரியதாகும். சென்னையில் புகழ்பெற்றோர் பாடும் மாலைக் கச்சேரிக்கு இடம் கிடைப்பதில்லை. இளையோர் பாடும் பகற் கச்சேரியில், கட்டணமில்லாதபொழுதும், நாற்காலிகளே கேட்கின்றன. நம் நாடுகளிலும் நிலைமை பெரிதும் மாறுபட்டதன்று. சிங்கப்பூரில் 1949இல் இந்திய நுண்கலைக் கழகம் தோன்றிற்று. கோலாலம்பூரில் 1981இல் டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் தோன்றிற்று. பிள்ளைகள் பயில்கின்றனர், அரங்கேறுகின்றனர். அரங்கேறிய பின் அவர்கள் பாடுவதைக் கேட்பார் யார்? கோயில்களிலும் தவிலும் நாகசுரமும் ஒலிக்கவேண்டிய நேரத்தில் விசையைத் தட்டினால் முழங்கும் இயந்திர மேளமும், பதிவு செய்த மங்கல இசையும் போதும் என்னும் மனப்பான்மை பரவுகிறது. சிக்கனம் என்கின்றனர். ஒரு கலைஞன் வீட்டு அடுப்பை அணைத்துப் பெறும் சிக்கனம் அது.

தோட்டங்கள் துண்டாடப்பட்டன, லயங்கள் மறைந்தன, அங்கே பெட்டியைச் சுற்றி அமர்ந்தோரின் பேரப்பிள்ளைகள் இன்று பட்டணத்தில் வாழ்கின்றனர். டிக்கட்டு வாங்க அவர்களிடம் பணமுண்டு. வாயிலில் தடுப்பாரும் இல்லை. அவர்களுக்கு நாம் கூறுவது இதுவே. உங்கள் பாட்டனார் தேய்ந்த தட்டில் கேட்ட இசையை, பாடுவோன் முன் அமர்ந்து கேளுங்கள். பின்வரிசையில் ஒதுங்காமல் முன்வரிசையில் அமருங்கள். தமிழிற் பாடுங்கள் என்று கேட்பதற்குக் கூச வேண்டா. கேட்போனுக்கும் மேடையில் உரிமையுண்டு. பிள்ளைகளை உடனழைத்துச் செல்லுங்கள். வீடு திரும்பியதும் பதிவையும் கேளுங்கள். ஒன்று மற்றொன்றை விளக்கும்.

மதிலுக்கு வெளியே நின்று காற்றில் கேட்டோம். லயத்து வாசலில் இருந்து தட்டில் கேட்டோம். இனி மண்டபத்துக்குள் அமர்ந்து கேட்பதே மீதியுள்ள கடமை. கதவு திறந்திருக்கிறது, நாற்காலியும் காலியாக இருக்கிறது.